மெஷினுக்கு முன் மண்: இங்கிலாந்தில் பழங்காசு தேடும் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

"எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?" இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு எந்த மண்ணில் போய் நிற்கப் போகிறீர்கள் என்பது முடிவாகிவிட்டால், மெஷின் கேள்வி பாதி தீர்ந்துவிடும். உழுத வயலில் அருமையாக வேலை செய்யும் அதே கருவி, ஈர மணலில் ஓயாமல் கத்தி உயிரை வாங்கும். கடற்கரைக்கென்றே வாங்கிய ஆழத்தேடல் கருவி, ஆணி நிறைந்த பழைய ஊர்த் திடலில் பத்து நிமிடத்துக்கு மேல் கையில் நிற்காது. ஆகவே இடங்களை முதலில் ஒப்பிடுவோம், கருவிகளைப் பிறகு பார்ப்போம். இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

எங்கே தேடுவது என்பதற்கு நான்கு வழிகள் உண்டு: வீட்டுத் தோட்டம், கடற்கரை, காசு கட்டிப் போகும் குழுத் தேடல், ஒரு விவசாயியிடம் நேரே கேட்டு வாங்கும் அனுமதி. எல்லா நிலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பொதுவழியாக நடக்க உரிமை உள்ள பாதையிலும் தேட உரிமை கிடையாது. அனுமதி இல்லாமல் எடுத்த காசு சட்டத்தின் பார்வையில் திருட்டுப் பொருள். நகராட்சிப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை உண்டு. பழைய மாளிகைகளையும் இயற்கை நிலங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டின் நிலங்களில் வழக்கமாக அனுமதிப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் கருவியை இயக்குவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தோண்டக்கூட வேண்டியதில்லை.

வீட்டுத் தோட்டம் பயிற்சிக்கு நல்லது, காசுக்கு அவ்வளவாக இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நூறு வருடம் பழைய வீட்டின் பின்கட்டில் துருப்பிடித்த ஆணி, ஈயக் குழாய்த் துண்டு, அலுமினியத் தாள் எல்லாம் ஒரே சாணில் கிடக்கும். கூடவே மின்கம்பி, ரௌட்டர், தொலைக்காட்சி ஆகியவற்றின் இரைச்சலும் கருவியில் ஏறும். முதல் இரண்டு வாரம் இங்கே பழகுவதில் பெரிய லாபம் உண்டு. ஒரு பழைய ஒரு பென்னி, 1992-க்கு முந்தைய 2 பென்ஸ், குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம், ஒரு ஆணி, உருட்டிய அலுமினியத் தாள் ஆகிய ஐந்தையும் புல்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கிறது என்று பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு வயலில் நேரம் மிச்சமாகும்.

கடற்கரைதான் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான இடம். காரணம் எளிது. மணலில் தோண்டுவது சுலபம், மூடுவதும் சுலபம், கிடைப்பதும் அடிக்கடி. கிடைப்பதில் பெரும்பகுதி நேற்று விழுந்த சில்லறைதான். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு மணலிலிருந்து வரும் ஒரு பவுண்டு காசே புதையல். பழங்காசும் வரும். புயலுக்குப் பிறகு அலை மணலை அரித்துச் சரிவாக வெட்டிவிட்டுப் போயிருந்தால், பல ஆண்டு ஆழத்தில் இருந்தவை மேலே வந்திருக்கும். கடல் ஒரே எடைப் பொருள்களை ஒரே வரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கமுள்ளது. தூண்டில் ஈயக்குண்டுகள் இரண்டு மூன்று அடுத்தடுத்துக் கிடைத்தால், அந்த வரியை விட்டு நகராதீர்கள். காசும் மோதிரமும் அங்கேதான் தங்கும்.

அனுமதி விஷயத்தில் கடற்கரை இரண்டு துண்டு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட ஈரப்பகுதியில் ஏறக்குறைய பாதி, மன்னர் பெயரிலான நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். அங்கே தனிச் சீட்டு இல்லாமலே, அவர்கள் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தேடலாம். எந்தக் கரை அவர்களுடையது என்பதை அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே உள்ள உலர்ந்த மணல் பெரும்பாலும் உள்ளூர் நகராட்சியுடையது. விதி ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் இருப்பவர்கள் தேம்ஸ் கரையை நினைத்து ஆசைப்படுவது இயல்பு. அங்கே கருவி இல்லாமல் வெறும் கண்ணால் தேடுவதற்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். குடும்பப் பொழுதுபோக்கின் தொடக்கத்துக்கு அது ஒத்துவராது.

நேரம் பார்த்துப் போவது முக்கியம். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் இறங்கி, பின்வாங்கும் நீரைத் தொடர்ந்து போங்கள். நீர் திரும்பியதும் நீங்களும் திரும்புங்கள். தட்டையான கரைகளில் நீர் முதுகுப்பக்கமாகச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தரையையே பார்த்து நடப்பவருக்கு அது தெரியாது. அதனால் பெரியவர் ஒருவர் தேடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

குழுத் தேடல் என்பது ஒரு சங்கமோ அமைப்பாளரோ விவசாயியிடம் நிலத்தைப் பேசிவைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி நடத்தும் நாள். அனுமதி தலைவலி உங்களுக்கு இல்லை. வண்டி நிறுத்த இடம், சில இடங்களில் கழிப்பறை, அனுபவசாலிகளின் பேச்சு எல்லாம் கிடைக்கும். மூன்று குறைகளும் உண்டு. நூறு பேர் ஏற்கெனவே நடந்த வயலாக இருக்கலாம். பிள்ளைகளை எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்பது ஒவ்வொரு சங்கத்திலும் வேறு. கிடைத்ததில் நிலக்காரர் பங்கு என்ன என்ற ஒப்பந்தத்தை நீங்கள் பேசவில்லை, அவர்கள் பேசியிருக்கிறார்கள். அதைக் காலையிலேயே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். கண்டெடுத்ததைப் பதிவு செய்ய மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் வருவாரா என்றும் கேளுங்கள். வரமாட்டார், பதிவும் கிடையாது என்றால் அந்தத் தேடலுக்குப் போகாமலிருப்பது நல்லது.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எங்கள் தேர்வு, விவசாயியின் நேரடி அனுமதி. பழங்காசு உண்மையில் இருப்பது வயலில்தான். ஊரின் கழிவையும் குப்பையையும் எருவாக வண்டி வண்டியாக வயலில் கொட்டிய காலத்தில் அதோடு போன காசு, அறுவடைக் கூலியாட்களின் மடியிலிருந்து நழுவிய காசு, சந்தைக்குப் போன வழியில் விழுந்த காசு என்று பல நூற்றாண்டுகளின் சில்லறை அங்கே கிடக்கிறது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி, அடுத்த விதைப்பு வரை வயலுக்குப் போகலாம். விதைத்த வயலில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. மேய்ச்சல் புல்வெளியில் ஆடுகள் குட்டி போடும் இளவேனில் வாரங்களைத் தவிருங்கள்.

அனுமதி கேட்கும் முறையிலேயே பாதி வெற்றி இருக்கிறது. தொலைபேசியைவிட நேரில் போவது மேல். அறுவடை உச்சத்தில் போவதைவிட மழை நாளில் போவது மேல். குடும்பமாகத் தேடுகிறோம் என்பது இங்கே பெரிய பலம், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஒரே தாளில் நான்கு விஷயம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்: எந்தெந்த வயல், எந்தத் தேதி முதல் எதுவரை, கிடைத்ததில் யாருக்கு என்ன பங்கு (பாதிப்பாதி என்பது பொது வழக்கம்), எல்லாவற்றையும் அவரிடம் காட்டுவோம் என்ற உறுதி. குத்தகைக்காரர் என்றால் நிலத்தின் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். பொதுப்பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று விவசாயிகள் கேட்பார்கள். நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் போன்ற அமைப்பில் உறுப்பினரானால் அந்தக் காப்பீடு சேர்ந்தே வரும். வயலின் வேலிக் கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டு வாருங்கள். தோண்டி எடுத்த கிழிந்த டப்பாவையும் கண்ணாடித் துண்டையும் வயலிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்; மாட்டின் வயிற்றுக்குள் போனால் உங்கள் அனுமதி அன்றோடு முடிந்தது.

ஒரு வயலை ஏற்குமுன் ஒரு கேள்வி கட்டாயம்: நகரக் குப்பையிலிருந்து செய்த உரம் இங்கே போட்டிருக்கிறதா? அந்த உரத்தில் பொடிப்பொடியான அலுமினியம் கலந்திருக்கும். அப்படிப்பட்ட வயலில் எந்த விலைக் கருவியும் உதவாது.

கருவிகளுக்கு வருவோம்

தொடக்க நிலைக் கருவிகளில் முக்கியப் பிரிவு ஒற்றை அலைவரிசை, பல அலைவரிசை என்பதுதான். காயில் என்கிற வட்டத் தட்டு மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகத்தில் அதனால் எழும் மின்சுழலின் பதிலை வாங்கிப் படிக்கிறது. உப்பு நீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு அந்த மணலே ஒரு பெரிய உலோகம்போலத் தெரிவதால் ஓயாமல் ஒலிக்கும். ஒலியை அடக்க உணர்திறனைக் குறைத்தால் காசும் சேர்ந்து மறையும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும் கருவி, உப்பின் பதிலையும் காசின் பதிலையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடுகிறது. ஆக, ஈர மணலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பல அலைவரிசை வேண்டும். வயலும் தோட்டமும் உலர்ந்த மணலும் போதும் என்றால் ஒற்றை அலைவரிசை தாராளம்.

காரெட் நிறுவனத்தின் ஏஸ் 300ஐ 8 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, ஏஸ் 400ஐ 10-இல். எளிய திரை, பல ஆண்டு நிலைத்த பெயர், இரண்டாம் கையாக ஏராளமாகக் கிடைக்கும். பொத்தான்கள் குறைவு என்பதால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். குறை, கட்டுப்பாட்டுப் பெட்டி மழைக்கு ஆகாது. இங்கிலாந்தில் அது சின்னக் குறை இல்லை. துருக்கியின் நொக்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட சிம்ப்ளெக்ஸ் வரிசை 15 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசைதான், ஆனால் முழுக் கருவியும் 5 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதது. மழையில் நனையும் வயல்காட்டுக்கு ஒற்றை அலைவரிசையில் இதை முதலில் வைப்போம். 15 என்ற அலைவரிசைக்கு வேறொரு நன்மையும் உண்டு. அலைவரிசை உயர உயரச் சின்னஞ்சிறு, மெல்லிய பொருள்கள் நன்றாகத் தெரியும். தாழ்ந்த அலைவரிசையில் கனமான செம்பும் பெரிய வெள்ளியும் தெளிவாகக் கேட்கும். இங்கிலாந்து வயலின் பழங்காசில் மெல்லியவை நிறைய என்பதால் உயர்ந்த பக்கம் சாய்வது நல்லது. மைன்லேபின் எக்ஸ்-டெரா ப்ரோ 5, 8, 10, 15 என நான்கில் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதை பல அலைவரிசைக் கருவி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

பல அலைவரிசையில் மலிவான நல்ல வாசல் மைன்லேபின் வான்குவிஷ் வரிசை. அதில் 340, 440, 540 ஆகியவை உண்டு. 340 எடையில் சுமார் 1.2 கிலோ, 10-க்கு 7 அங்குல நீள்வட்டக் காயில், சாதாரண ஏஏ பேட்டரி நான்கு. பேட்டரி தீர்ந்தால் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது நாள் முழுதும் வெளியே நிற்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. காயில் 1 மீட்டர் வரை நீரில் இறங்கும், மேல்பெட்டி இறங்காது. கணுக்கால் நீர் வரை போதும் என்று நில்லுங்கள். 340-இல் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும் வசதி கிடையாது, 440-இல் உண்டு. நொக்டாவின் ஸ்கோர் வரிசை பல அலைவரிசையும் 5 மீட்டர் நீர்காப்பும் இரண்டையும் தருகிறது. விலை சற்றே கூட, ஆனால் கடலும் வயலும் மாறி மாறிப் போகும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் முதல் மழையிலேயே ஈடாகிவிடும்.

எக்வினாக்ஸ் 900, எக்ஸ்பி டியூஸ் 2 போன்ற உயர்நிலைக் கருவிகளை முதல் வருடம் வாங்க வேண்டாம். அவற்றின் பலம் நுண்ணிய அமைப்புகளில் இருக்கிறது. காது பழகாதவர் கையில் அந்த அமைப்புகள் கெடுதலே செய்யும். உணர்திறனை உச்சத்தில் வைத்துவிட்டு, கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். அகலக்கால் வேண்டாம்.

கிடைத்த உலோகம் எதுவாக இருக்கும் என்று ஊகித்துக் கருவி திரையில் காட்டும் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வான்குவிஷில் எண்கள் -9 முதல் 40 வரை. நொக்டாவிலும் காரெட்டிலும் 99 வரை போகும். ஒரு காணொளியில் "80 வந்தால் வெள்ளி" என்று கேட்டுவிட்டு வேறு கருவியில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஒரு கருவியா, இரண்டா?

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று சேர்க்கைகள் நடைமுறையில் வருகின்றன. ஒரு நல்ல கருவி மட்டும். இரண்டு மலிவுக் கருவிகள். ஒரு நல்லதும் ஒரு சிறுவர் கருவியும். 60 பவுண்டுக்கு விற்கும் பெயரில்லாப் பொம்மைக் கருவிகளை விலக்கிவிடுங்கள். கைப்பிடி அசைந்தாலே ஒலிக்கும், ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. பிள்ளை இரண்டாம் நாளே வெறுத்துப்போகும். சிறுவர் கருவி வேண்டும் என்றால் நொக்டாவின் மிடி ஹோர்ட் போல, கருவி செய்பவர்களே சிறுவர் உயரத்துக்கும் எடைக்கும் செய்ததை வாங்குங்கள்.

ஆனால் எங்கள் பரிந்துரை இது: தொடக்கத்தில் ஒரு நல்ல கருவி, ஒரு நல்ல பின்பாயிண்டர். பின்பாயிண்டர் என்பது கேரட் கிழங்கின் அளவிலான கைக்கருவி, குழிக்குள் விட்டால் உலோகத்தின் அருகே அதிரும். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். பெரிய கருவியை வீசி நடப்பது பத்து வயதுக்குப் பதினைந்து நிமிடத்தில் தோள்வலி. குழிக்குள்ளும் மண்குவியலிலும் தேடி, காசைத் தன் விரலால் எடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் இனிமையான நொடி; அது பின்பாயிண்டர் வைத்திருப்பவருக்கே கிடைக்கும். நூறு பவுண்டைச் சுற்றிய விலையில் காரெட் ப்ரோ-பாயிண்டர் ஏடி நீருக்கும் சேற்றுக்கும் அஞ்சாதது. இதைத் தவிர்த்து மிச்சம் பிடித்தால், ஒவ்வொரு குழிக்கும் பத்து நிமிடம் கூடுதலாகும், மண்வாரியின் முனையில் காசு கீறல்படும்.

மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் நிலைத்தால் இரண்டாவது கருவி வாங்குங்கள். இரண்டும் ஒரே ரகமாக, ஒரே அலைவரிசையில் இருந்தால் பத்து மீட்டருக்குள் வரும்போது ஒன்றையொன்று கலக்கும். அலைவரிசையைச் சற்று நகர்த்தும் வசதி இருந்தால் ஒன்றில் நகர்த்துங்கள். இல்லையென்றால் வயலின் எதிரெதிர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் தோண்டுவதா, வடிகட்டுவதா?

எல்லாக் கருவியிலும் குறைந்த எண்ணுள்ள உலோகங்களை ஒலிக்காமல் தடுக்கும் வசதி உண்டு. கடற்கரை உலர்மணலில் குப்பையைத் தவிர்க்க இது உதவும். வயலில் இதை அளவோடு வையுங்கள்: இரும்பை மட்டும் விலக்குங்கள், அதற்கு மேலே கை வைக்காதீர்கள். அலுமினியத் தாளும் இழுப்பு வளையமும் வரும் அதே எண் வரிசையில்தான் தங்க மோதிரமும், சுத்தியலால் அடித்துச் செய்த சிறு வெள்ளிக் காசும் வருகின்றன. முதலாம் எட்வர்டு 1279-இல் நாணயத்தைச் சீர்திருத்தும் வரை, அரைப் பென்னி வேண்டுமானால் ஒரு வெள்ளிப் பென்னியைச் சரிபாதியாக வெட்டினார்கள். கால் வேண்டுமானால் நான்காக. முழுப் பென்னியே ஒன்றரை கிராமுக்குக் குறைவு; அதன் கால் துண்டு சுண்டுவிரல் நகத்தளவு. மெல்லிய, கிறுக்கலான ஒரு ஒலிதான் அதற்குக் கிடைக்கும். வளையங்களை விலக்கியவர் அதன்மேலேயே நடந்து போய்விடுவார்.

தெளிவாக, தடித்து ஒலிப்பவை பெரிய செம்புகள். 1797-ஆம் ஆண்டின் பென்னி ஒரு அவுன்ஸ் எடை, 36 மி.மீ. அகலம், பிள்ளைகள் கையில் வைத்ததும் மலைத்துப்போகும் காசு. 1860-க்குப் பிந்தைய வெண்கலப் பென்னி எந்த வயலிலும் உண்டு. வெள்ளிக்கு ஒரு சுலபக் கணக்கு: 1920-க்கு முந்தையது 92.5 விழுக்காடு வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி, 1947 முதல் பொதுவழக்குக் காசில் வெள்ளியே இல்லை. முதல் இரண்டும் மண்ணிலிருந்து வரும்போதே நிறத்தில் வித்தியாசம் தெரியும்.

புதிய சில்லறை குழப்பும். 1992 முதல் 1 பென்னியும் 2 பென்ஸும் செம்பு பூசிய எஃகு. 2012 முதல் 5, 10 பென்ஸும் எஃகின்மேல் பூச்சு. இவற்றுக்கு எண் தாவிக்கொண்டே இருக்கும், சில வருடத்தில் துருவும் ஏறும். நிலக்கரி எரிந்த மிச்சமான கோக் துண்டுகளும் இழுப்பு வளையம் போலவே ஒலிக்கும், வெறும் கறுப்புக் கல் என்று தோன்றும்.

ஆணிகள் நிறைந்த இடத்தில் வேறொரு சிக்கல். ஆணியின் பதில் பக்கத்துக் காசின் பதிலை விழுங்கிவிடும். அங்கே 11 அங்குலக் காயிலைக் கழற்றி ஆறங்குலத்தை மாட்டி, வீச்சைப் பாதியாகக் குறைத்து, ஒரே இடத்தை இரண்டு திசையிலிருந்து கேளுங்கள். ஒரு திசையில் இரும்பு, மறு திசையில் நல்ல ஒலி என்றால் தோண்டிப் பாருங்கள். பொதுவாகவே காயிலைத் தரையோடு தரையாக, இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் வீசுங்கள். வீச்சின் முடிவில் கை தூக்கிப்போவது எல்லாப் புதியவருக்கும் உள்ள பழக்கம். அதிலேயே ஆழத்தில் பாதி போய்விடும். காசளவுப் பொருள் நல்ல மண்ணில் சுமார் இருபது செ.மீ. ஆழம் வரைதான் கேட்கும் என்பதால் இழக்க அதிகம் இல்லை.

தோண்டுதல்

புல்வெளியில் முழு வட்டமாக வெட்டாதீர்கள். ஒலிக்கும் புள்ளியை நடுவில் வைத்து, ஒரு சாண் அகலத்துக்கு மூன்று பக்கம் மட்டும் பதினைந்து செ.மீ. ஆழம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டுப் புரட்டுங்கள். வேர் அறுபடாத புல் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். முழுதாக எடுத்த கட்டி கோடையில் காய்ந்து மஞ்சள் வட்டமாக நிற்கும், காக்கையும் அதைக் கிளறிப்போடும். எடுத்த உதிரி மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள், திரும்பக் கொட்டுவது சுலபம். முதலில் புரட்டிய கட்டியைப் பின்பாயிண்டரால் பாருங்கள், அடுத்து குழியின் ஓரம், கடைசியாக அடி. ஒன்று கிடைத்ததும் மூடிவிடாமல் மறுபடி கருவியை வீசுங்கள். ஒரே குழியில் இரண்டாவது காசு வருவது அரிதில்லை.

உருளையாக, துருப்பிடித்து, முனை கூம்பி, கனமாக ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். உலகப்போர்க் காலத்து வெடிபொருள்கள் தெற்கு, கிழக்குக் கடற்கரைகளிலும் வயல்களிலும் இன்றும் வருகின்றன. இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, 999-ஐ அழையுங்கள்.

கழுவுவதா, விடுவதா?

நம் வீடுகளில் பித்தளையும் செம்பும் கறுத்தால் புளி போட்டுத் தேய்ப்போம். பழங்காசில் அந்தக் கை போகவே கூடாது. வெண்கலக் காசின்மேல் படிந்த பச்சைக் களிம்புதான் எழுத்தையும் முகத்தையும் தாங்கி நிற்கிறது. அமிலம் பட்டால் களிம்போடு முகமும் போகும். வினிகர், எலுமிச்சை, பற்பசை, கம்பித் தூரிகை எல்லாம் அதே வகை. வெள்ளியையும் தங்கத்தையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து மண்ணை நழுவவிடலாம். செம்பையும் வெண்கலத்தையும் நனைக்காமல் காயவைத்து, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வயலில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் ஆசைதான் அதிகக் காசுகளைக் கெடுத்தது. மண்துகள் அங்கே உப்புத்தாள் வேலை செய்கிறது.

சொல்வது யாரிடம்?

1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காடாவது தங்கமோ வெள்ளியோ உள்ள காசுகள் இரண்டு ஒரே கண்டெடுப்பில் வந்தால் அது புதையல். விலையுயர்ந்த உலோகம் அதற்கும் குறைவென்றால் பத்துக் காசு வேண்டும். காசு அல்லாத பொருளுக்கு வேறு விதி. 2023 ஜூலை முதல், 200 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிச் சிறப்புள்ள உலோகப் பொருள்களும் இதில் சேர்ந்தன. தெரிந்த 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி) தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் சொன்னால் அவர் வழிகாட்டுவார். தெரிவிக்காமல் விட்டாலே மூன்று மாதம் வரை சிறை. அருங்காட்சியகம் வாங்கினால், மதிப்பிட்ட தொகை கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் பகிரப்படும்.

இரண்டு நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2010-இல் சாமர்செட் மாவட்டத்தின் ஃப்ரோம் அருகே ஒருவருக்கு ரோமானியக் காசு நிறைந்த பானை தட்டுப்பட்டது. மேலே சில காசுகளைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்தி ஆய்வாளர்களை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததில் 52,503 காசுகள். பிற்காலத்துக் காசுகளில் பெரும்பகுதி பானையின் அடிப்பக்கம் இருந்ததால், வருடக்கணக்கில் சேமித்தது அல்ல, ஒரே முறையில் கொட்டியது என்று தெரிந்தது. அவர் அவசரப்பட்டு வாரியிருந்தால் அந்த உண்மை என்றைக்குமே தெரிந்திராது. மதிப்பு 3,20,250 பவுண்டு. இன்னொன்று, 2015-இல் ஹெர்ஃபோர்ட்ஷயரின் லியோமின்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையலை எடுத்த இருவர் மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகளில் 31 மட்டுமே மீண்டன. 2019-இல் ஒருவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தார்கள், மேல்முறையீட்டில் அது குறைந்தது. இழந்த காசுகள் இழந்தவைதான். ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரு அரசர்களின் உறவைக் காட்டும் சான்றுகள் அவற்றில் இருந்தன.

ஸ்காட்லாந்தில் விதி வேறு: தொல்பொருள் மதிப்புள்ள எதுவும் அரசுக்குரியது, ஒற்றைக் காசானாலும் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடுவதே குற்றம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். இலங்கையில் உரிமம் இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது தண்டனைக்குரியது. சென்னைக்குப் போனால் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். கொங்குப் பக்கம் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் போன்றவைதான் இங்கிலாந்து வயலிலும் எப்போதாவது தலைகாட்டுகின்றன. ஒரே பேரரசனின் முகம் கரூரிலும் கென்டிலும் மண்ணுக்குள் கிடந்தது என்று காட்டினால், அவர்கள் அடுத்த சனிக்கிழமை தானாகவே பூட்ஸை மாட்டுவார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒற்றைக் காசு வழக்கமாகப் புதையல் ஆகாது. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனாலும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமில் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது, காசு உங்களிடமே திரும்பி வரும். அதற்கு வேண்டியது கிடைத்த இடத்தின் துல்லியம். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கட்ட எண்ணை (கிரிட் ரெஃபரன்ஸ்) கைபேசியில் பத்து இலக்கத்துக்கு எடுக்கும் செயலி ஒன்றை ஏற்றி, சிறு ஜிப் பைகளும் அழியாத பேனாவும் கொண்டுபோங்கள். காசு குழியிலிருந்து வெளியே வந்ததும், அடுத்த அடி எடுத்து வைக்கும் முன், எண்ணையும் தேதியையும் வயலின் பெயரையும் பையின்மேல் எழுதும் வேலையை வீட்டின் இளைய பிள்ளைக்குக் கொடுங்கள்.